மேசை மலையின் கற்படிகள்
ஊரும் உலகும் – பயணப் பகுதி

 

இத்திங்கள் நாம் செல்லவிருப்பது ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்கு மூலைக்கு. தென்னாப்பிரிக்க நாட்டின் கேப்டவுன் மாநகரத்திற்கு நெருக்கமாக, அந்நகரின் முதுகைத் தாங்கி நிற்பதுபோல் ஒரு மலை நிற்கிறது. அதன் உச்சி கூர்மையாக இராது. இழைப்புளி கொண்டு இழைத்த பலகைபோல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்திற்குத் தட்டையாக இருக்கும். ஆகையால் அதற்கு மேசை மலை என்று பெயர். கடலிலிருந்து பார்ப்போருக்கு முதலில் தென்படுவது அம்மலையே. 1503ஆம் ஆண்டில் அன்டோனியோ டி சல்தான்யா என்னும் போர்த்துகீசிய மாலுமி அதன்மேல் ஏறினார். அதற்கு 'முனையின் மேசை' எனப் பொருள்படும் பெயரை இட்டவரும் அவரே. அவருக்கு முன்பே அம்மண்ணின் மைந்தர்களான கோய் மக்கள் அதனைத் தங்கள் மொழியில் 'கடல் மலை' என்று வழங்கி வந்தனர்.

மலையின் உயரம் 1,085 மீட்டர். நம் நீலகிரியின் உயரத்தோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆயினும் நீலகிரிக்குப் பேருந்தில் ஏறிவிடுகிறோம். இங்கே கடல் மட்டத்திலிருந்து நேரே எழும் கற்சுவரைக் காலால் கடக்க வேண்டும். அச்சுவரில் இயற்கை பிளந்து வைத்த ஒரு வழி உண்டு. அதுவே பிளாட்டெக்ளிப் பள்ளத்தாக்கு. 'தட்டைக் கல்' என்பது அச்சொல்லின் பொருள். நகரத்தின் நடுவிலிருந்து பதினைந்து நிமிடக் கார்ப் பயணத்தில் இப்பாதையின் தொடக்கத்தை அடைந்துவிடலாம். இதனாலேயே பலர் இதனைப் பூங்காவில் உலாவுவதுபோல் எண்ணிக்கொண்டு, காலில் ரப்பர்ச் செருப்புடனும் கையில் ஒரு சிறு தண்ணீர்ப் புட்டியுடனும் புறப்பட்டுவிடுகின்றனர். இம்மலையில் இடர்ப்படுவோரில் பலர் இத்தகையோரே.

பாதையின் இயல்பு

டாஃபல்பெர்க் சாலை என்னும் மலையோரச் சாலையில், கம்பி வண்டி நிலையத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் பாதை தொடங்குகிறது. அவ்விடமே கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து உச்சி வரையில் நடை தூரம் மூன்று கிலோமீட்டர் அளவே. ஆனால் அந்த மூன்று கிலோமீட்டரில் ஏறக்குறைய 700 மீட்டர் உயர வேண்டும். ஏறத்தாழ இருநூறு மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளில், இளைப்பாற நடைபாதையும் இல்லாமல் ஏறுவதற்கு இது சமம்.

படிகள் என்று சொன்னதும் கோவில் படிகளையோ கோட்டைப் படிகளையோ நினைத்துவிட வேண்டாம். கற்களை அடுக்கிக் கட்டிய படிகள் அவை. ஒன்று சாண் உயரம் இருக்கும். அடுத்தது முழங்கால் உயரம் இருக்கும். ஒரே அளவில் காலெடுத்து வைக்க முடியாது. சிறுவர்கள் சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டியிருக்கும். பாதை இடமும் வலமுமாக வளைந்து வளைந்து செல்கிறது. ஒவ்வொரு வளைவிலும், 'இதோ, இதற்கு அப்பால் முடிந்துவிடும்' என்று தோன்றும். அப்பால் இன்னொரு வளைவு காத்திருக்கும்.

நம் நாட்டவர் மறந்துவிடக்கூடிய ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். கேப்டவுன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மகர ரேகையையும் தாண்டி உள்ளது. ஆகையால் அங்கே நண்பகல் சூரியன் வடதிசை வானில் நிற்கிறது. பிளாட்டெக்ளிப் பள்ளத்தாக்கு வடக்கு நோக்கித் திறந்தது. அதாவது, வெயில் முழுவதும் ஏறுவோரின் முதுகின் மேல்தான் விழும். மரநிழல் என்பது அங்கு அரிது. அங்கே கோடைக்காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலாகும். அந்நாள்களில் காலை ஒன்பது மணிக்குப் பின் கற்கள் சுடத் தொடங்கிவிடும். உச்சியை நெருங்கும்போதுதான் இருபுறமும் பாறைச் சுவர்கள் நெருங்கி வந்து நிழல் தரும். அந்தக் கடைசிப் பகுதி செங்குத்தானது. குளிர்ந்த காற்று முகத்தில் வீசும்போது, மேல்தளம் அருகில் வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

சராசரி உடல்நலம் உள்ளவருக்கு ஏற இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் பிடிக்கும். இறங்கவும் அவ்வளவு நேரத்தை ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வாங்கும் என்று அவ்வூர் நண்பர் ஒருவர் நகைச்சுவையாகச் சொன்னார். அது வெறும் நகைச்சுவையன்று.

மேகம் விரிக்கும் துணி

மேசை என்றிருந்தால் அதற்கு விரிப்பும் இருக்க வேண்டுமல்லவா? கோடைக்காலத்தில் தென்கிழக்கிலிருந்து ஒரு வன்காற்று வீசும். கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்று, மலையின் பின்புறத்தில் மோதி மேலேறுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. அதிலுள்ள ஈரம் மேகமாகத் திரள்கிறது. அம்மேகம் தட்டையான உச்சி முழுவதும் பரவி, நகரத்தின் பக்கமாக வெண்துணிபோல் மடிந்து தொங்குகிறது. கீழே இறங்கும்போது காற்று மீண்டும் வெப்பமடைவதால் மேகம் பாதி வழியிலேயே கரைந்து மறைகிறது. கீழிருந்து பார்ப்போருக்கு அது கண்கொள்ளாக் காட்சி. 'மேசை விரிப்பு' என்றே அதனை அழைக்கின்றனர்.

ஆனால் அவ்விரிப்பின் உள்ளே அகப்பட்டுக்கொண்டவருக்கோ அது வேறு உலகம். பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வியர்வையில் நனைந்த உடை குளிர்காற்றில் உடலோடு ஒட்டிக்கொள்ளும். கீழே நகரத்தில் மக்கள் விசிறியைத் தேடிக்கொண்டிருக்கும் அதே வேளையில், மேலே ஒருவர் குளிரால் நடுங்கிக்கொண்டிருப்பார். தட்டையான மேல்தளத்தின் ஓரங்கள் பல இடங்களில் திடீரென்று பாதாளத்தில் முடிகின்றன. பாதை தெரியாத மேகத்தில் நடந்து ஓரத்தை அடைவதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

1929ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் முதல் அம்மலைக்குக் கம்பி வண்டி ஓடுகிறது. 1997ஆம் ஆண்டு முதல், செல்லும்போதே தரைப்பகுதி சுழலும் புதிய வண்டிகள் ஓடுகின்றன. எந்தப் பக்கம் நின்றாலும் எல்லாத் திசைகளையும் பார்த்துவிடலாம். சில நிமிடங்களில் உச்சியை அடையலாம். ஆயினும் காற்று வலுத்தால் வண்டியை நிறுத்திவிடுவர். அதற்கு முன் சங்கொலி எழுப்பி, மேலே உள்ளோரை நிலையத்திற்குத் திரும்புமாறு எச்சரிப்பர். ஆகவே, 'நடந்து ஏறிக் கம்பி வண்டியில் இறங்கிவிடலாம்' என்ற கணக்கு எப்போதும் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. நடந்து இறங்குவதற்கும் தெம்பும் தண்ணீரும் பகல் வெளிச்சமும் கைவசம் உள்ளவரே நடந்து ஏற வேண்டும்.

ஒரு குடும்பம் திரும்பி வந்த கதை

நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் விடுமுறையில் கேப்டவுன் சென்று வந்து சொன்ன செய்தியை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தந்தை, தாய், பதினைந்து வயது மகன், பன்னிரண்டு வயது மகள், தந்தையின் மூத்த சகோதரி என ஐவர் சென்றிருந்தனர். மாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை நோயும் உண்டு. ஆகையால் அவர் தங்குமிடத்திலேயே இருந்துகொள்ள, மற்ற நால்வரும் மலையேறப் புறப்பட்டனர். கார் கிடைக்கத் தாமதமானதால் அவர்கள் முதற்படியில் கால் வைத்தபோது மணி ஒன்பது.

நீரோடையைக் கடந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. மகன் முன்னே துள்ளி ஓடினான். பதினொரு மணியளவில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தை அடைந்தனர். அண்ணாந்து பார்த்தபோது உச்சியின் விளிம்பில் பஞ்சுபோல் ஒரு கீற்று வெண்மை. அவ்வேளையில் மேலிருந்து நான்கைந்து பெண்கள் இறங்கி வந்தனர். அவ்வூர் முஸ்லிம் பெண்கள். தலையில் முக்காடு, கையில் ஊன்றுகோல், அறுபது வயதிற்குக் குறையாதவர்கள். ஸலாம் கூறி நின்றனர். காற்று திரும்பிவிட்டதென்றும், கம்பி வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்றும், மேலே சென்றாலும் இதே படிகளில்தான் இறங்க வேண்டியிருக்கும் என்றும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கிச் சென்றனர்.

"வாப்பா, இன்னும் முக்கால் மணி நேரந்தானே! இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போவதா? ஊரில் கேட்டால் என்ன சொல்வேன்?" என்றான் மகன்.

தந்தைக்கும் மேலே செல்ல ஆசைதான். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மையார் பையைத் திறந்து தண்ணீரை எண்ணினார். எட்டுப் புட்டிகளில் மூன்றே எஞ்சியிருந்தன. பிறகு மகளை அருகில் அழைத்து, அவளுடைய முழங்காலின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"ஏறுவதற்கு நமக்குத் தெம்பு இருக்கிறதுங்க. இறங்குவதற்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைக்குக் கால் நடுங்குகிறது" என்றார்.

அவ்வளவுதான். நால்வரும் திரும்பினர். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யாருடனும் பேசாமல் இறங்கினான். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நகரிலிருந்து பீரங்கி முழக்கம் ஒன்று கேட்டது. சிக்னல் குன்றில் ஞாயிறு நீங்கலாக நாள்தோறும் நண்பகலில் ஒலிக்கும் அப்பீரங்கி, 1806ஆம் ஆண்டு முதல் நேரம் அறிவித்து வருவது. அதைக் கேட்டபோது அவர்கள் பாதி வழியைக்கூட இறங்கி முடிக்கவில்லை. மகள் இரண்டு முறை சறுக்கி விழுந்தாள். சாலையை அடைந்து திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் நின்று வாதாடிய இடமும் அதற்கு மேலுள்ள பள்ளத்தாக்கும் மேகத்துள் மறைந்திருந்தன. அஸர் வரை பேசாதிருந்த மகன், "உம்மா, அந்தப் பாட்டிமார் எல்லாம் பத்திரமாகப் போயிருப்பார்கள்தானே?" என்று கேட்டானாம்.

மூன்று நாள் கழித்து மீண்டும் சென்றனர். இம்முறை ஸுப்ஹு தொழுதுவிட்டு ஆறரை மணிக்கெல்லாம் முதற்படியில் நின்றனர். தந்தை தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மகனிடம் தந்து, "பத்து மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும். அறிவிக்க வேண்டியவன் நீ" என்றார். ஒன்பதேகாலுக்கு மேல்தளத்தை அடைந்தனர். மாமியார் கம்பி வண்டியில் வந்து சேர்ந்துகொண்டார். இறங்கும்போது ஐவரும் வண்டியிலேயே இறங்கினர்.

குடும்பத்தோடு செல்லும் பயணத்தில் வேகமாக நடப்பவரின் வேகம் கணக்கன்று. மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருக்கும் வேகம். புறப்படும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிட வேண்டும். களைத்த பிறகு எடுக்கும் முடிவில் ஆசை மிகுந்தும் அறிவு குறைந்தும் இருக்கும். அந்த அம்மையார் தண்ணீரை எண்ணிப் பார்த்தது போன்ற ஒரு செயல், நூறு அறிவுரைகளுக்கு மேலானது.

கற்களும் செடிகளும் உயிர்களும்

மலையின் மேற்பகுதி மணற்பாறையால் ஆனது. நாற்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் நீரடியில் படிந்த மணல், அழுத்தத்தால் இறுகிப் பாறையானது. அதன் அடியில் கருங்கல்லும் களிப்பாறையும் உள்ளன. கிடைமட்டமாகப் படிந்த அடுக்குகள் மடிப்பு விழாமல் நிலைத்ததாலேயே உச்சி தட்டையாக இருக்கிறது. ஏறும்போது பாறைச் சுவரை உற்றுப் பார்த்தால் புத்தகத்தின் ஏடுகள்போல் அடுக்குகள் தெரியும்.

மரங்கள் குறைவு எனினும் செடிகளின் வகை எண்ணிலடங்காதது. இம்மலையில் மட்டும் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் உள்ளன. ஊசி இலைகளும் தோல்போன்ற இலைகளும் கொண்ட இப்புதர்க்காட்டை 'ஃபைன்பாஸ்' என்பர். கேப் மலர்வளப் பகுதியை 2004இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. ஜனவரி முதல் மார்ச் வரை, நீர் கசியும் பாறை இடுக்குகளில் 'டைசா' என்னும் செந்நிற ஆர்க்கிட் மலர் பூத்திருப்பதைக் காணலாம்.

மேல்தளத்தில் முயல் அளவில் பழுப்பு நிறப் பிராணிகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அவற்றை 'டாசி' என்று அழைக்கின்றனர். பார்ப்பதற்குப் பெருச்சாளிபோல் இருக்கும் இப்பிராணிக்கு, உயிருள்ள விலங்குகளில் யானை நெருங்கிய உறவு என்று உயிரியலார் கூறுகின்றனர். படைத்தவனின் வல்லமையை வியக்காமல் இருக்க முடியவில்லை. அவற்றுக்கு உணவு கொடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது, கடிக்கவும் செய்யும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலை வரையாட்டை நினைவூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. 1936ஆம் ஆண்டில் மலையடிவாரத்திலிருந்த விலங்குக் காட்சிச் சாலையிலிருந்து இமாலய வரையாடுகள் தப்பி மலையேறின. சில பத்தாண்டுகளில் அவை நூற்றுக்கணக்கில் பெருகி, அம்மலைக்கே உரிய செடிகளை மேய்ந்து அழித்தன. பின்னர் அவற்றை அகற்றப் பெரும்பாடு பட வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் அழகாக இருப்பது வேறிடத்தில் கேடாகவும் முடியலாம்.

ஓடைக்கரையின் கண்ணீர்

இப்பள்ளத்தாக்கின் நீரோடையைக் கடக்கும் சுற்றுலாப் பயணியர் பலரும் முகம் கழுவிக்கொண்டு போய்விடுகின்றனர். அந்நீரின் வரலாறு நமக்குத் தெரிய வேண்டியது.

1652ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே குடியேறியதற்கு மலையிலிருந்து வரும் நன்னீரே ஒரு முக்கியக் காரணம். ஆறு மாதம் கடலில் வரும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் தரும் இடமாக இதனை அமைத்தனர். உழைப்பதற்கு அடிமைகளைக் கொண்டுவந்தனர். ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் கொண்டுவரப்பட்டோர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர் என்பதும், அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தினர் என்பதும் வரலாற்றாய்வாளரின் கணிப்பு. அக்கம்பெனிக்குப் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டைகள் இருந்தன என்பதை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். வங்காளம், மலபார், இலங்கை, நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து பிடித்தும் விலைக்கு வாங்கியும் அனுப்பப்பட்டவர்களின் சொந்தப் பெயர்களும் பறிபோயின. ஆவணங்களில் அவர்கள் 'வங்காளத்து இன்னார்', 'மலபார் இன்னார்', 'கரையைச் சேர்ந்த இன்னார்' என்றே காணப்படுகின்றனர். 1860ஆம் ஆண்டில் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து நேட்டால் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் கதை நமக்கு ஓரளவு தெரியும். அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே இங்கு வந்து சேர்ந்த இவர்களை நாம் மறந்துவிட்டோம்.

இந்த ஓடையில்தான் நகரத்தார் வீட்டு அழுக்குத் துணிகளை அடிமைப் பெண்கள் சுமந்து வந்து துவைத்தனர். தட்டையான பாறைகளே துவைக்கும் கல். அடிமை முறை 1834ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் அவர்களைக் கட்டி வைத்திருந்தனர். விடுதலைக்குப் பின்னும் அவ்வூர் முஸ்லிம் பெண்கள் பலருக்குத் துணி வெளுப்பதே பிழைப்பாக இருந்தது. முதுகில் துணி மூட்டையோடு அவர்கள் நடந்த சரிவுகளின் மேற்புறத்தில்தான் இன்று நாம் முதுகில் பையோடு பொழுதுபோக்காக நடக்கிறோம். எசமானரின் கொடுமை தாளாமல் தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்ததும் இம்மலைப் பொந்துகளிலேதான்.

மலையிலிருந்து நகரத்தைப் படித்தல்

பாதையில் மூச்சு வாங்க நிற்கும் இடங்களில் திரும்பி நகரத்தைப் பார்க்க வேண்டும். கீழே இடப்புறத்தில் சிக்னல் குன்றின் சரிவில் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பல வண்ணங்களில் வீடுகள் தெரியும். அதுவே போ–காப் என்னும் முஸ்லிம் குடியிருப்பு. அங்குள்ள டோர்ப் தெருவில், நாட்டின் முதல் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித் 1794இல் எழுந்தது. அதன் முதல் இமாம், துவான் குரு என அழைக்கப்பெறும் அப்துல்லாஹ் காளி அப்துஸ்ஸலாம் அவர்கள். திதோர் தீவினரான அப்பெரியாரை 1780இல் டச்சுக்காரர் இங்கே நாடு கடத்தி ராபன் தீவில் சிறை வைத்தனர். திருக்குர்ஆன் முழுவதையும் தம் நினைவிலிருந்தே எழுதி முடித்த பெருமகனார் அவர். 1807இல் மறைந்த அவர்களின் அடக்கத்தலம் போ–காப் மேட்டிலேயே உள்ளது. இவருக்கும் முன்னர், 1694இல், மக்காஸர் ஷைகு யூசுப் அவர்களை இலங்கையிலிருந்து இங்கே கொண்டுவந்து ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்தனர். நாடு கடத்தப்பட்டோரும் அடிமைகளும் சேர்ந்து வளர்த்ததே அங்குள்ள நம் சமுதாயம்.

வலப்புறத்தில் டெவில்ஸ் பீக் என்னும் சிகரத்தின் அடியில், நெருக்கமான நகரத்தின் நடுவே புல் முளைத்த வெற்று நிலம் தெரியும். அது டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் இந்தியரும் ஒன்றாக வாழ்ந்த அவ்விடத்தை 1966 பிப்ரவரி 11ஆம் நாள் வெள்ளையருக்கு மட்டும் உரியதாக இனஒதுக்கல் அரசு அறிவித்தது. அறுபதாயிரம் மக்களை வெளியேற்றி வீடுகளை இடித்துத் தள்ளினர். ஆனால் வழிபாட்டு இடங்களைத் தொடவில்லை. மியூர் தெருவிலுள்ள ஜீனத்துல் இஸ்லாம் பள்ளிவாசல் தன் மஹல்லாவை இழந்து தனித்து நின்றது. தொலைதூரக் குடியிருப்புகளுக்குத் தூக்கியெறியப்பட்ட மக்கள், பேருந்து மாறி மாறி வந்து அங்கே தொழுதனர்.

நேர் எதிரே கடலில் தட்டையாகத் தெரிவது ராபன் தீவு. நெல்சன் மண்டேலா அவர்கள் சிறையிருந்த 27 ஆண்டுகளில் 18 ஆண்டுகள் அங்கேதான் கழிந்தன.

மேல்தளத்தில்

பள்ளத்தாக்கு முடிந்ததும் வலப்பக்கம் திரும்பினால் கால் மணி நேரத்தில் கம்பி வண்டி நிலையம். இடப்பக்கம் ஒரு மணி நேரம் நடந்தால் மக்லியர் கற்குவியல் என்னும் மலையின் மிக உயர்ந்த இடம். 19ஆம் நூற்றாண்டில் நில அளவைக்காக அதனை அமைத்த வானியலாரின் பெயரால் வழங்குகிறது.

அக்குடும்பத்தார் பன்னிரண்டே முக்காலுக்குப் பின் மேல்தளத்திலேயே லுஹர் தொழுதனர். கொண்டுபோன தண்ணீரில் சிக்கனமாக ஒளுச் செய்துகொண்டனர். கிப்லா பற்றி மகளுக்கு ஓர் ஐயம். ஊரில் மேற்கு நோக்கியே தொழுது பழகியவள் அல்லவா? கேப்டவுனில் கிப்லா வடக்கிலிருந்து சற்றுக் கிழக்கே சாய்ந்த திசை. அதாவது கீழேயுள்ள நகரத்தையும் குடாவையும் கடந்து, ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும் முன்னே வைத்துத் தொழ வேண்டும். மாமி ஒரு பாறையின்மேல் அமர்ந்தவாறே தொழுதார். காற்றில் தொழுகை விரிப்பு பறக்காதிருக்க மகன் நான்கு மூலையிலும் கல் வைத்தான்.

செல்ல விரும்புவோருக்கு

புறப்படும் நேரம்: கோடையில் காலை ஏழு மணிக்கு முன். முதல்நாள் இரவிலும் அன்று காலையிலும் வானிலை அறிவிப்பையும் காற்றின் நிலையையும் கேட்டறிய வேண்டும்.

தண்ணீர்: ஆளுக்கு இரண்டு லிட்டர். பேரீத்தம்பழம், வறுகடலை, உப்பிட்ட தின்பண்டம் ஏதேனும்.

காலணி: அடிப்பாகம் பிடிப்புள்ள மூடிய காலணி. புதிதாக வாங்கியதை அன்றே அணியலாகாது.

உடை: தொப்பி, முழுக்கை உடை, பையினுள் ஒரு கம்பளிச் சட்டை அல்லது காற்றுப் புகா மேலுடை. பெண்களுக்குத் தரையைத் தொடாத நீளத்தில் தளர்ந்த உடையும், ஊசி குத்தி நிறுத்திய முக்காடும் ஏற்றவை. உயரமான படியில் கால் வைக்கையில் நீண்ட ஓரம் மிதிபட்டு விழுவது மிக எளிது.

துணை: தனியாகச் செல்லக் கூடாது. ஆளரவமற்ற பாதைகளில் வழிப்பறி நடந்ததுண்டு. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கீழே ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். அவசர உதவி எண்ணைக் கைப்பேசியில் முன்பே பதிந்துகொள்ளுதல் நலம்.

உடல்நலம்: இதய நோய், முழங்கால் வலி, கட்டுப்படாத சர்க்கரை உள்ளோர் கம்பி வண்டியிலேயே செல்லலாம். உச்சியின் காட்சி இருவருக்கும் ஒன்றே. குளிர்காலத்தில் பராமரிப்புக்காகச் சில நாள்கள் வண்டியை நிறுத்துவதுண்டு என்பதை நினைவில் கொள்க.

நெருப்பு: எந்த இடத்திலும் நெருப்பு மூட்டலாகாது. 2021 ஏப்ரல் 18இல் மலைச்சரிவில் பரவிய தீ, கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தையே எரித்துவிட்டது.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். இறங்கியதும் போ–காப் பகுதியில் ஹலால் உணவகங்கள் பல உண்டு. சமோசாவும், பாகில் ஊறிய 'குக்சிஸ்டர்' பணியாரமும் களைப்பைப் போக்கும். உண்டு முடித்ததும் கடைக்காரரிடம் 'திரமகாசி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். 'தெரிமா காசி' என்னும் மலாய் நன்றிச் சொல், முந்நூறு ஆண்டுகள் கடல் கடந்தும் அவர்கள் நாவில் அப்படித்தான் தங்கியிருக்கிறது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கள் கடல் கடந்து ராபன் தீவுக்குச் செல்வோம். அங்கேயுள்ள பெரியார் ஒருவரின் அடக்கத்தலத்தையும் சிறைக்கூடத்தையும் கண்டு வருவோம். வஸ்ஸலாம்.